ஐவரி கோஸ்ட் ரப்பருக்கு வரி போட்டால் நம் பாலுக்கு விலை ஏறுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஐவரி கோஸ்ட் எங்கே, நமது கெடா எங்கே, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோலா கெடா படகுத்துறைக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். லங்காவியிலிருந்து வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் சாக்லெட் பை இருக்கும். பள்ளி விடுமுறைக் காலமென்றால் பாதியென்ன, முக்கால்வாசிப் பேர். இறங்கும் இடத்தில் சுங்க அதிகாரிகள் நிற்பார்கள். தீவில் எத்தனை மணி நேரம் தங்கினீர்கள், வாங்கிய பொருளின் மதிப்பு என்ன என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு.

அந்தச் சாக்லெட்டுக்கான கொக்கோ எங்கிருந்து வந்தது? உலகில் விளையும் கொக்கோவில் பத்தில் நான்கு பங்கு ஐவரி கோஸ்ட் என்ற அந்த ஒரே நாட்டில் விளைகிறது. அங்கே காய்த்தது, ஏதோ ஒரு நாட்டில் அரைபட்டு, இன்னொரு நாட்டில் இனிப்பாகி, லங்காவிக் கடையில் அடுக்கப்பட்டு, கோலா கெடா வழியாக நம் பிள்ளைகள் கைக்கு வருகிறது. ஆக, அந்த நாட்டுச் சரக்கு ஏற்கெனவே நம் வீட்டுக்குள் இருக்கிறது.

சரி, லங்காவியில் ஏன் மலிவு? 1987ஆம் ஆண்டு அந்தத் தீவு வரி விலக்குத் தீவாக அறிவிக்கப்பட்டது. தீபகற்பத்தில் சாக்லெட்டுக்கான பொதுவான இறக்குமதி வரி 15 விழுக்காடு. ஆசியான் நாடுகளில் செய்ததென்றால் அந்த வரியும் இல்லை. 20 வெள்ளி மதிப்புள்ள ஐரோப்பியச் சாக்லெட் பெட்டிக்கு 3 வெள்ளி வரி என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த 3 வெள்ளியை யார் கட்டுகிறார்கள்? ஐரோப்பியக் கம்பெனி கட்டுவதில்லை, கொக்கோ விளைவித்த ஆப்பிரிக்க விவசாயியும் கட்டுவதில்லை. இங்கே இறக்குமதி செய்கிறவர் துறைமுகத்தில் கட்டுகிறார், கட்டியதை நம்மிடம் வாங்கிக் கொள்கிறார். இறக்குமதி வரி என்றால் அயல்நாட்டுக்காரனுக்குப் போடும் அபராதம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். லங்காவிப் படகில் ஏறி இறங்கும் பிள்ளைக்குக் கூட அது அப்படியில்லை என்று தெரியும்.

இதே வரியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. கொக்கோ கொட்டையாக வந்தால் நமது நாட்டில் வரி இல்லை. சாக்லெட்டாக வந்தால்தான் வரி. ஐரோப்பாவிலும் அப்படித்தான். அங்கே பொதுவான வரிப் பட்டியலில் கொட்டைக்குச் சுழியம், கொக்கோ விழுதுக்கு 9.6 விழுக்காடு, கொக்கோ வெண்ணெய்க்கு 7.7 விழுக்காடு, தூளுக்கு 8 விழுக்காடு. பொருள் எவ்வளவு பச்சையாக வருகிறதோ அவ்வளவுக்குக் கதவு திறந்திருக்கும். வேலை செய்து மெருகேற்றிக் கொண்டு வந்தால் கதவு பாதி சாத்தப்படும். வேலை எங்கே நடக்க வேண்டும் என்பதை இப்படி வரிப் பட்டியலே தீர்மானித்து விடுகிறது. ஐரோப்பாவோடு செய்து கொண்ட ஒப்பந்தத்தின் வழி ஐவரி கோஸ்ட்டும் கானாவும் அந்த வரியிலிருந்து தப்பித்துக் கொண்டன. மலேசியாவுக்கு அந்தச் சலுகை இல்லை. முன்பு நமக்கிருந்த வரிச் சலுகையும் 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு போய்விட்டது.

மலேசியாவுக்கும் கொக்கோ வெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நமது நாடு ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் கொக்கோ அரைக்கிறது. ஜோகூர் பாசிர் கூடாங்கிலும் போர்ட் கிள்ளானிலும் பெரிய பெரிய ஆலைகள் இருக்கின்றன. ஆனால் விளைச்சல்? 1990ஆம் ஆண்டு சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் டன் விளைந்த நாடு இது. 1980இல் சபாவில் தலைகாட்டிய காய்த் துளைப்பான் பூச்சி, விலை வீழ்ச்சி, செம்பனை தந்த லாபம் எல்லாம் சேர்ந்து அந்தத் தோட்டங்களை அழித்துவிட்டன. 2020க்குப் பிறகு ஆயிரம் டன் விளைவதே அரிதாகி விட்டது. அரைப்பதெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொட்டை. அதில் ஐவரி கோஸ்ட் கொட்டையும் உண்டு. அதற்கு வரி போட்டால் மறுநாளே அந்த ஆலைகள் வேறு நாட்டைத் தேடிப் போகும்.

2025ஆம் ஆண்டு அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. ஏப்ரல் 2ஆம் தேதி அதிபர் டோனல்ட் டிரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினாரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று அறிவித்த வரி ஐவரி கோஸ்ட்டுக்கு 21 விழுக்காடு, மலேசியாவுக்கு 24 விழுக்காடு. ஆகஸ்டில் அது 15 என்றும் 19 என்றும் குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹவாய்த் தீவில் விளையும் சொற்ப அளவைத் தவிர அமெரிக்காவில் கொக்கோவே கிடையாது. அப்படியானால் அந்த வரி யாரைக் காப்பாற்றியது? காப்பாற்றுவதற்கு அங்கே விவசாயியே இல்லை! மேற்கு ஆப்பிரிக்காவில் மரநோயும் மோசமான பருவநிலையும் சேர்ந்து விளைச்சலைக் குறைத்ததில், 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் ஒரு டன் கொக்கோ 12,000 டாலரைத் தாண்டியிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் வரியும் சேர்ந்தது. கடைசியில் 2025 நவம்பரில் கொக்கோ, காப்பி, வாழைப்பழம் போன்றவற்றுக்கு அந்த வரியிலிருந்து அவர்களே விலக்கு அளித்தார்கள்.

இவ்வளவு நேரம் கொக்கோவைப் பற்றிப் பேசியது ஒரு காரணத்தோடுதான். ஏனென்றால் கெடா மக்களைத் தொடும் ஐவரி கோஸ்ட் சரக்கு இன்னொன்று இருக்கிறது. அது ரப்பர்.

இந்நிகழ்ச்சிக்கு வந்த கேள்விகளில் பாலிங் பக்கமிருந்து வந்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். "தங்கச்சி, ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல் கப்பலா கட்டிப்பால் வருதுங்கறாங்க. அதுக்கு வரி போட்டு நிறுத்தினா எங்க பாலுக்கு வெல ஏறுமா, ஏறாதா? அத மட்டும் சொல்லுங்க." நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, மைக்கைப் பிடித்துப் பிழைக்கிறவள். ஆனால் அந்த அண்ணனின் கேள்வி நேர்மையான கேள்வி. அதைச் சுற்றி வளைக்காமல் ஆராய்வதற்குத்தான் இன்றைய கருத்தரங்கு.

முதலில், வருகிறது என்பது உண்மைதான். உலகிலேயே அதிக ரப்பர் விளைவித்த நாடு என்ற பெயர் ஒரு காலத்தில் நமக்கு இருந்தது. 1988ஆம் ஆண்டு 16 லட்சம் டன்னுக்கு மேல் எடுத்தோம். அந்த ரப்பரில் எத்தனை டன் நம் தாத்தா பாட்டிகளின் கையால் சீவப்பட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் எந்தத் தோட்டத்துப் பெயரைச் சொன்னாலும் இந்த அவையில் யாராவது ஒருவர் "நான் பிறந்த இடம்" என்பார். 2023இல் நாடு முழுவதும் எடுத்தது சுமார் மூன்றரை லட்சம் டன். பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. இன்று பால் தருகிறவர்கள் பெரும்பாலும் சிறு தோட்டக்காரர்கள். பாலிங், சிக், கூலிம் மலையோரங்களில் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள், அவர்களுடைய மரத்தைப் பங்குக்குச் சீவுகிறவர்கள்.

விளைச்சல் சுருங்கினாலும் ஆலைகள் சுருங்கவில்லை. நாம் எடுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து. அதற்கடுத்த பெரிய வரிசையில் ஐவரி கோஸ்ட். அங்கே 1950களில் வியட்நாம் பக்கமிருந்து போன பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் ரப்பரை ஊன்றினார்கள். பிறகு கொக்கோ விலையை நம்பி நொந்துபோன விவசாயிகள், ஆண்டுக்கு இரு அறுவடை தரும் கொக்கோவைவிட மாதாமாதம் காசு தரும் ரப்பர் மேல் என்று மாறினார்கள். 2010இல் சுமார் 2.3 லட்சம் டன் எடுத்த நாடு, 2022இல் 13 லட்சம் டன்னை எட்டியது. இன்று தாய்லாந்து, இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் அவர்களுக்கு. ஆனால் விளைச்சல் ஏறிய வேகத்தில் அங்கே ஆலைகள் ஏறவில்லை. மிஞ்சிய கட்டிப்பாலை அப்படியே கொள்கலனில் போட்டு அனுப்பினார்கள். கட்டிப்பாலில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். பாதித் தண்ணீருக்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்து, இங்கே கழுவி, அரைத்து, உலர்த்தி, எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர முத்திரையோடு கட்டியாக்கி, வெளிநாட்டு டயர் ஆலைகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். 1965இல் நாம் உண்டாக்கிய அந்தத் தர முத்திரைக்கு இன்றும் உலகச் சந்தையில் மதிப்பு இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். கையுறைக்குப் போகும் பால் வேறு. அது திரவப் பாலாக இருக்க வேண்டும், பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வருகிறது. ஐவரி கோஸ்ட்டின் கட்டிப்பாலைக் கையுறை ஆலையோடு சேர்த்துக் குழப்பிக் கொள்ள வேண்டாம். அது போவது கட்டி ரப்பர் ஆலைக்கு.

இந்த ரப்பருக்கு நமது நாட்டில் இறக்குமதி வரி இல்லை. ரப்பர் வாரியத்தின் உரிமம் வேண்டும், அவ்வளவுதான். எனவே, "எங்க கிலோவுக்கு ரெண்டு வெள்ளி, ரெண்டரை வெள்ளின்னு கெடந்து தவிக்கிறப்ப, அவனுக்கு மட்டும் கதவத் தொறந்து விடலாமா?" என்ற கோபம் எழுவது இயற்கை. இக்கோபத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் நிரை நிரையாக நடந்தவர்களின் மகள் நான்.

ஆனாலும் அந்த அண்ணனுக்கு நான் சொல்லும் பதில், ஏறாது என்பதுதான்.

ஏன் என்று கேளுங்கள். முதலில், தாய்லாந்து பக்கத்திலேயே இருக்கிறது. புக்கிட் காயு ஈத்தாமைத் தாண்டினால் போதும். ஆசியான் நாடுகளுக்கிடையே இறக்குமதி வரி விலக்கு ஒப்பந்தம் உண்டு. தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மியன்மார், பிலிப்பைன்ஸ் எல்லாம் அந்த வேலிக்குள் இருப்பவை. ஐவரி கோஸ்ட்டுக்கு 10 விழுக்காடு வரி போட்டால், ஆலைக்காரர் அடுத்த நிமிடம் ஹாட்யாய்க்குத் தொலைபேசி போடுவார். பாலிங்குக்குப் போட மாட்டார். பாலிங்கில் அவருக்கு வேண்டிய அளவு பால் இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெடாவில் இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும்போது சுத்தமாகவே இருக்காது. ஆலை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடியாக வேண்டும்.

அடுத்து, உங்கள் கட்டிப்பால் விலையை ஐவரி கோஸ்ட் கப்பல் தீர்மானிப்பதில்லை. சிங்கப்பூர், ஷாங்காய், ஜப்பான் சந்தைகளில் அன்றன்று என்ன விலையோ, அதை ஒட்டித்தான் ரப்பர் வாரியம் விலையை அறிவிக்கிறது. அதிலிருந்து ஆலைச் செலவு, வண்டிக் கூலி, இடைத்தரகர் பங்கு எல்லாம் கழிந்து மிச்சம் உங்கள் கைக்கு வருகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ஐவரி கோஸ்ட் விவசாயிக்கும் அதே கதைதான். அங்கேயும் மாதந்தோறும் ஒரு குறிப்பு விலை அறிவிக்கிறார்கள், அதுவும் சிங்கப்பூர்ச் சந்தையைப் பார்த்துத்தான். நீங்கள் யாரை எதிரி என்று நினைக்கிறீர்களோ அவரும் அதே பலகையை அண்ணாந்து பார்த்துக் கொண்டு நிற்கிறார்.

அதற்கும் மேலே, இறக்குமதி செய்த மூலப்பொருளைப் பதப்படுத்தித் திரும்ப ஏற்றுமதி செய்தால், கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு வாங்கும் வழி சுங்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதிக்கே ஓடும் ஆலை ஒரு கையால் கட்டி மறு கையால் வாங்கிக் கொள்ளும். பணம் முடங்கும், குமாஸ்தா வேலை கூடும், சிறிய ஆலை திணறும். சீவுகிறவருக்கு அதனால் ஒரு காசு லாபம் வராது.

ஆலை திணறினால் திணறட்டுமே என்று சொல்லிவிடலாம். அங்கே யார் வேலை செய்கிறார்கள்? தெற்குக் கெடாவில் எத்தனையோ வீடுகளில் அப்பா மரம் சீவுகிறார், மகனோ மகளோ ஆலையிலும் பண்டகச் சாலையிலும் லாரியிலும் வேலை செய்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் ஒருவர் வரி வேண்டும் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். இரண்டு சம்பளமும் ஒரே சட்டியில்தான் வேகிறது.

இந்த வரி விளையாட்டை நமது மலாயா ஒருமுறை விளையாடியிருக்கிறது. நம் முன்னோர்கள் அதற்கு விலையும் கொடுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. ஒரு பவுண்டு ரப்பர் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே. பிரிட்டிஷ்காரர்கள் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இவ்வளவு என்று ஓர் அளவு, அதற்கு மேல் ஏற்றுமதி செய்தால் ஏறிக்கொண்டே போகும் வரி. அது இறக்குமதி வரி அன்று, ஏற்றுமதி வரி. ஆனால் எண்ணம் ஒன்றுதான்: வரியைக் கொண்டு விலையைத் தூக்குவது.

தூக்கவும் செய்தார்கள்! 1925இல் விலை நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. லண்டனில் பங்குதாரர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் டச்சுக்காரர்கள் சேரவில்லை. சுமத்ராவிலும் களிமந்தானிலும் சிறு விவசாயிகள் காடு காடாக ரப்பர் நட்டார்கள். அமெரிக்க டயர் முதலாளிகளோ, "இனி மலாயாவை நம்பக் கூடாது" என்று வேறு மண்ணைத் தேடினார்கள். 1926ஆம் ஆண்டு பயர்ஸ்டோன் கம்பெனி எங்கே போனது தெரியுமா? லைபீரியாவுக்கு. பத்து லட்சம் ஏக்கர் வரை எடுத்துக் கொள்ள 99 ஆண்டுக் குத்தகை. லைபீரியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஐவரி கோஸ்ட்டுக்கு அடுத்த வீடு!

மேற்கு ஆப்பிரிக்காவில் பெருந்தோட்ட ரப்பர் வேர்விட்டதற்கு, இங்கே மலாயாவில் போட்ட வரியே ஒரு காரணம் ஆகிவிட்டது. 1928 நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் அங்கெல்லாம் நட்ட மரங்கள் பால் தரத் தயாராகிக் கொண்டிருந்தன. அடுத்த இரண்டே ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விலை மறுபடியும் விழுந்தபோது தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். மந்தத்தை ஸ்டீவன்சன் திட்டம் உண்டாக்கவில்லை. ஆனால் மந்தம் வந்த நேரத்தில் உலகில் ரப்பர் மிதமிஞ்சிக் கிடந்ததற்கு அதுவும் பொறுப்பு.

ஆகையால் வரியைப் பற்றிய பேச்சை நான் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்த அண்ணனின் பால் வாளிக்குத் திரும்ப விரும்புகிறேன். அவருடைய காசு எங்கே போகிறது?

கட்டிப்பால் விற்கிறவர்களுக்குக் கேஜிகே என்றால் என்னவென்று தெரியும். கட்டிப்பாலில் தண்ணீர் போக உண்மையான உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்ற அளவு. கடைக்குக் கொண்டு போனதும் வியாபாரி ஒரு கட்டியை எடுத்து அமுக்கிப் பார்ப்பார், வெட்டிப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். "தவுக்கே, இன்னைக்கு எவ்வளவு?" என்றால் ஓர் எண்ணைச் சொல்வார். பெரும்பாலான இடங்களில் கண்ணும் கையும்தான் கருவி.

ஒரு கணக்குப் போடுவோம். நூறு விழுக்காடு உலர்ந்த ரப்பருக்கு அன்றைய விலை கிலோ 6 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். உங்கள் கட்டிப்பாலில் 50 விழுக்காடு ரப்பர் இருந்தால் கிலோவுக்கு 3 வெள்ளி கிடைக்க வேண்டும். வியாபாரி அமுக்கிப் பார்த்து 45 என்று சொல்லிவிட்டால் 2 வெள்ளி 70 காசு. ஐந்து புள்ளிதான் வித்தியாசம், ஆனால் போனது 30 காசு. அதாவது உங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. மாதம் 300 கிலோ போடுகிறவருக்கு 90 வெள்ளி. ஐவரி கோஸ்ட்டுக்கு 10 விழுக்காடு வரி போட்டு, அது முழுசாக, ஒரு காசு சிந்தாமல் உங்கள் விலையில் ஏறினால்கூட, அது கடைக்காரர் விரலழுத்தத்தில் போகும் அந்த ஐந்து புள்ளிக்குத்தான் சமம். முழுசாக ஏறாது என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

எல்லா வியாபாரியும் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பக்கமும் சுத்தமில்லை. மரப்பட்டை, மண், சில சமயம் கல்கூடக் கட்டிக்குள் இருந்தால், அடுத்தமுறை அவர் எல்லாருடைய கட்டியையும் குறைத்துத்தான் மதிப்பிடுவார். பாலைக் கட்ட வைக்க ரப்பர் வாரியம் பார்மிக் அமிலத்தைப் பயன்படுத்தச் சொல்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று கந்தக அமிலத்தை ஊற்றினால் ரப்பரின் தரம் கெடுகிறது, கையும் வெந்து போகிறது. விற்பதற்கு முன்பு கட்டியை நீர் வடிய விட்டுச் சில நாள் நிழலில் வைத்தால் விழுக்காடு ஏறும். ஆனால் நாளைக்கு அரிசி வாங்க வேண்டியவர் எத்தனை நாள் வைத்திருப்பார்? வறுமை தண்ணீரோடு விற்க வைக்கிறது. தண்ணீரோடு விற்பதால் வறுமை தீருவதில்லை.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை, அதாவது ஐ.பி.ஜி. என்று ஒன்று இருக்கிறது. 50 விழுக்காடு கேஜிகே உள்ள கட்டிப்பாலின் சராசரிப் பண்ணை விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், குறைந்த காசை அரசாங்கம் ஈடு செய்யும். 2 வெள்ளி 70 காசாக இருந்த அந்த அளவு, 2024 தொடக்கத்தில் 3 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. விலை அதற்கு மேலே நிற்கும் மாதங்களில் தொகை இல்லை. இதைத்தான் நான் வரியைவிட நேரான வழி என்பேன். வரி போட்டால் ஆலை, கப்பல், தாய்லாந்து, சிங்கப்பூர் என்று ஊரெல்லாம் சுற்றி ஏதாவது சிந்தினால் சீவுகிறவருக்கு. இது அவருடைய வங்கிக் கணக்குக்கே போகிறது.

போகிறது என்றேன். எல்லாருக்கும் போகிறதா? இங்கேதான் நமது இந்தியர்களுக்கு வலிக்கும் இடம். இந்தத் தொகையைப் பெறுவதற்கு ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி என்ற பரிவர்த்தனை அனுமதி அட்டை வேண்டும். அட்டைக்கு நிலத்தின் விவரம் வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்த நம்மவர்களில் எத்தனை பேரிடம் இரண்டு ஏக்கர் நிலப் பட்டா இருக்கிறது? பிறருடைய மரத்தைப் பங்குக்குச் சீவுகிறவர்கள், நிலக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை எடுக்க முடியும். நிலக்காரர் கோலாலம்பூரில் இருப்பார், அல்லது காலமாகி, பிள்ளைகளுக்குள் பாகம் பிரியாமல் கிடக்கும். அப்படி அட்டை இல்லாதவர் விற்கும் பால் வேறொருவர் அட்டையில் ஏறும். ஊக்கத்தொகையும் அங்கேயே போகும். ஆப்பிரிக்கக் கப்பலைத் தடுக்க வேண்டும் என்று ஆவேசப்படுகிற நம் அமைப்புகள், ஒரு சனிக்கிழமை சிக்கிலோ கோலா கெட்டிலிலோ மேசை போட்டு உட்கார்ந்து, பத்துப் பேருக்கு இந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் அதன் பலன் நேராகக் கைக்கு வரும். இது என் சொந்தக் கருத்து. மேடையில் அமர்ந்திருக்கும் பேச்சாளர்கள் மறுக்கலாம்.

இன்னும் ஒன்றையும் இந்த அவை பேச வேண்டும். கட்டிப்பால் வாங்கும் இடம் ஒவ்வொன்றிலும் விற்கிறவர் கண்ணெதிரே கேஜிகே அளக்க வேண்டும் என்று நாம் ஏன் கேட்கக் கூடாது? எடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற நாட்டில், விலையில் பத்தில் ஒரு பங்கைத் தீர்மானிக்கிற அளவைக் கட்டை விரலுக்கு விட்டுவைத்திருக்கிறோம். ஒரு சின்னத் துண்டை வெட்டி, எடை போட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் தெரிந்துவிடும் கணக்கு இது. கூட்டுறவு முறையில் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் பாலை ஒன்றாகக் கொண்டு போனால், அளந்து காட்டச் சொல்லும் தைரியமும் தானாக வரும். தனியாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு போகிறவரால் கேட்க முடியாது. கேட்டால் "வேற கடைக்குப் போ" என்பார்கள். வேறு கடை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

மரங்களும் முதுமை அடைந்துவிட்டன. மறு நடவுக்கு ரிஸ்டா உதவி தருகிறது. ஆனால் வெட்டி நட்டால் பால் வர ஐந்தாறு ஆண்டு ஆகும், அதுவரை அடுப்பு எரிய வேண்டும். பலர் அதனால் கிழ மரத்தையே சுரண்டிக் கொண்டிருக்கிறார்கள். இளைஞர்கள் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீவப்படாமல் நிற்கும் மரங்கள் கெடாவில் ஏராளம். ஐவரி கோஸ்ட் கட்டிப்பால் இங்கே வருவதற்கு அந்த மரங்களும் ஒரு காரணம்தான். அவற்றைச் சீவ வைக்கிற விலை எது, அதை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. பேச்சாளர்களிடம் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

ஐவரி கோஸ்ட் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தன் கொக்கோவைத் தானே அரைக்க வேண்டும், தன் ரப்பரைத் தானே பதப்படுத்த வேண்டும் என்பது அவர்களின் கொள்கை. கொட்டையாக ஏற்றுமதி செய்தால் கூடுதல் வரி, அரைத்து அனுப்பினால் சலுகை என்று கொக்கோவில் ஏற்கெனவே செய்து பார்க்கிறார்கள். ரப்பரிலும் அங்கே ஆலைகள் பெருகி வருகின்றன. கட்டிப்பால் கப்பல் ஒருநாள் நாம் வரி போடாமலே நின்றுபோகலாம். அன்றைக்குத் தெற்குக் கெடா ஆலைகள் உள்ளூர்ப் பாலைத் தேடி வரும். அப்போது பாலிங்கிலும் சிக்கிலும் சீவக்கூடிய மரம் எத்தனை நிற்கும், சீவத் தெரிந்த கை எத்தனை இருக்கும் என்பது இந்த ஐந்தாறு ஆண்டுகளில் நாம் நடுவதைப் பொறுத்தது.

பேச்சாளர்கள் மூவரும் தயாராக இருக்கிறார்கள். அவர்களை அழைப்பதற்கு முன், அவையில் உள்ளவர்களில் யாரிடமாவது கடைசியாகப் பால் விற்ற ரசீது இருந்தால், தயவு செய்து கையில் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அதில் கேஜிகே எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத ரசீது இருந்தால் அதையும் மேடைக்கு அனுப்பி வையுங்கள், பெயரை மறைத்து விடுகிறோம்.